தியாகய்யரின் செவி

பூந்தமல்லிக்குத் தென்கிழக்கே, போரூரிலிருந்து குன்றத்தூருக்குச் செல்லும் சாலையில் கோவூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூர் அதற்கு அண்டை ஊர். திருக்கச்சிநம்பிகள் பிறந்த பூந்தமல்லியோ காலை நடையில் எட்டிவிடும் தூரம். 1830-களின் பிற்பகுதியில், எழுபது வயதைக் கடந்த ஒரு முதியவர் தம் சீடர்களுடன் இந்தக் கோவூருக்கு எழுந்தருளி, சுந்தரேசுவரர் சந்நிதியில் நின்று ஐந்து கீர்த்தனங்களைப் பாடினார். கோவூர் பஞ்சரத்தினம் என்று வித்வான்கள் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். பாடியவர் திருவையாற்று ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள்.

ஸ்வாமிகளின் சரித்திரம் தமிழ்நாட்டில் யாவரும் கேட்டதுதானே, அதைத் திரும்பவும் எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. ஒலியைக் கொண்டு வியாதிகளைத் தீர்க்கிறோம் என்று சொல்வோர் இக்காலத்தில் நம் நகரத்திலும் புறநகர்களிலும் பெருகிவிட்டார்கள். உலோகக் கிண்ணங்களைத் தட்டி அந்த ஓசையில் ஜனங்களைப் படுக்கவைப்போர் ஒரு சாரார்; இன்ன ராகத்தைக் கேட்டால் இன்ன நோய் போகும் என்று அட்டவணை போட்டு விற்போர் மற்றொரு சாரார். பின்னவர்கள் தங்களுக்குச் சாட்சியாக அழைக்கும் முதல் மனிதர் தியாகய்யரே. அவர் பிலஹரி பாடி இறந்தவனை எழுப்பினார், ஆகையால் பிலஹரி ஒரு மருந்து என்பது அவர்களது தர்க்கம். இந்தத் தர்க்கம் நோயாளிக்கும் நன்மை செய்யவில்லை, தியாகய்யருக்கும் நியாயம் செய்யவில்லை என்பது நமது அபிப்பிராயம். ஒலியோடு அவர் நடத்திய வாழ்க்கை யாதென்று பார்த்தால் இது விளங்கும்.

ஸ்வாமிகள் 1767-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி திருவாரூரில் பிறந்தார். தந்தை ராமப்ரம்மம், தாயார் சீதம்மா. தெலுங்கு பேசும் குடும்பம். பிள்ளைப் பருவத்திலேயே திருவையாற்றுக்குக் குடிவந்து, திருமஞ்சன வீதியில் இருந்த எளிய வீட்டில் வாழ்ந்தார். தஞ்சை ஸமஸ்தான வித்வான் சொண்டி வேங்கடரமணய்யா அவருக்குச் சங்கீதம் கற்பித்தார். குருவினிடம் அவர் பயின்ற காலம் நீண்டதன்று. ஆனால் வீட்டில் தாயார் பாடிய புரந்தரதாஸர் பதங்களும், காவிரிக் கரையின் பஜனை கோஷ்டிகளும், கோயில் நாகஸ்வரமும் ஒருவனுடைய காதில் இடைவிடாமல் விழுந்துகொண்டிருந்தால், அதுவும் ஒரு குருகுலம் அல்லவா? சரபோஜி மன்னரின் காலத்தில் தஞ்சையில் மேனாட்டு பாண்டு வாத்தியமும் முழங்கியது. ஸ்வாமிகளின் சங்கராபரணக் கீர்த்தனங்கள் சிலவற்றில் அந்த வாத்திய நடையின் சாயல் இருக்கிறதென்று கேட்டறிந்தவர்கள் சொல்வர். அந்நியச் சரக்கு என்று அவர் காதை மூடிக்கொள்ளவில்லை. கேட்டார், தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார், தமதாக்கிக்கொண்டார்.

ராமகிருஷ்ணானந்தர் என்ற பெரியவர் அவரை 96 கோடி ராமநாமம் ஜபிக்கும்படி பணித்தார் என்றும், இருபத்தொரு ஆண்டுகளில் அதை அவர் முடித்தார் என்றும் சரித்திரம் கூறுகிறது. கணக்குப் பார்த்தால் நாள் ஒன்றுக்கு ஒன்றேகால் லட்சம் முறை ஆகிறது. இந்த எண்ணிக்கையைப் பரம்பரைச் செய்தி என்ற அளவிலேயே நாம் ஏற்கிறோம். எண்ணிக்கை எப்படியாயினும், இரண்டு எழுத்துள்ள ஒரே சொல்லை ஆண்டுக்கணக்கில் உச்சரித்து வந்தவர் அவர் என்பதில் ஐயமில்லை. வாயினால் செய்யும் காரியமாக இது தோன்றும். அனுபவித்தவர்களைக் கேளுங்கள்: ஜபம் சிறிது நேரத்தில் நாவை விட்டுச் செவிக்குப் போய்விடும். சொல்கிறவன் அடங்கி, கேட்கிறவன் விழித்துக்கொள்வான்.

இப்படிப் பழகிய செவியிலிருந்தே அவருடைய நாதோபாசனை பிறந்தது. நாதத்தையே பொருளாகக் கொண்டு அவர் ஒரு கீர்த்தன வரிசையே இயற்றியிருக்கிறார். சித்தரஞ்ஜனியில் சிவபெருமானை நாதமே உடலாகக் கொண்டவராக வணங்கினார். ஜகன்மோஹினியில் ஏழு ஸ்வரங்களையும் மனிதனுடைய நாபி, இதயம், கண்டம் முதலிய இடங்களில் ஒளிரும் தேவதைகளாகக் கண்டார். தன்யாசியில், பக்தியில்லாத சங்கீத ஞானத்தால் நன்னெறி வாய்க்காதென்று எச்சரித்தார். இராமன்மீது பாடிய அதே மனிதர் ஓசையைப் பற்றியே பாடிய பாட்டுகள் இவை. ஒலிக்கும் உடலுக்கும் உள்ள உறவைப் பற்றிப் புதிதாக ஏதோ கண்டுபிடித்ததாகச் சொல்லுவோர் இவற்றை ஒருமுறையேனும் கேட்டிருக்கலாம்.

அக்காலத்தில் தஞ்சையின் நிலைமை என்ன? 1799-ம் ஆண்டு உடன்படிக்கையால் சரபோஜி மன்னர் நாட்டின் நிர்வாகத்தைக் கும்பினியாரிடம் ஒப்படைத்துவிட்டு, கோட்டையையும் உபகாரச் சம்பளத்தையும் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். ஆட்சி போய்விட்டது, தர்பார் மட்டும் மிஞ்சியது. அரசர் கல்விமான், கலைகளைப் போற்றியவர், தன்வந்திரி மஹால் என்ற வைத்தியசாலையை நடத்தியவர். கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சைகளைச் சித்திரங்களுடன் எழுதிவைக்கச் செய்த பெருமையும் அவருக்குண்டு. அக்குறிப்புகள் ஸரஸ்வதி மஹாலில் இருக்கின்றன. அந்த அரண்மனையிலிருந்து திருவையாற்று உஞ்சவிருத்திப் பிராமணருக்கு அழைப்பு வந்தது, அவர் மறுத்துவிட்டார் என்பது பிரசித்தமான செய்தி. நிதி சுகமா, ராமன் சந்நிதி சுகமா என்ற கேள்வியைக் கல்யாணியில் எழுப்பிய கீர்த்தனம் அப்போது பிறந்ததென்று சொல்வார்கள்.

மறுத்ததன் விலையை அவர் வீட்டிலேயே கொடுக்க நேர்ந்தது. வந்த செல்வத்தை வாசலோடு திருப்பி அனுப்பிய தம்பியிடம் கோபங்கொண்டு, தமையனார் ஜபேசர் பூஜையிலிருந்த ராம விக்கிரகத்தை எடுத்துக் காவிரியில் எறிந்துவிட்டார். ஸ்வாமிகள் தேடி அலைந்து, பின்னர் ஆற்று மணலிலிருந்து அதை மீட்டெடுத்தார் என்பர். அந்த இடைக்காலத்துத் துயரம் பல கீர்த்தனங்களில் கேட்கிறது. தமையனாரை வில்லனாக்கிக் கதை சொல்வது நம்மவர் வழக்கம். தினமும் தெருவில் அரிசிக்குப் பாடிப்போகும் குடும்பத்தில், வந்த பொன்னை ஒருவன் வேண்டாமென்றால் மற்றவனுக்குக் கோபம் வராதா? நாம் ஜபேசரை அவ்வளவு எளிதில் தண்டிக்கமாட்டோம். தேசத்துக்காகச் சிறை சென்றவர்களின் வீடுகளிலும் இப்படிப்பட்ட ஜபேசர்கள் இருந்தார்கள்.

இனி அவருடைய செவியைப் பற்றிச் சொல்லவேண்டும். தம்புரா எல்லோரும் பார்த்த வாத்தியம். ஆனால் அதைக் கேட்டவர்கள் சிலரே. நான்கு தந்திகள், பஞ்சமம், மேல் ஷட்ஜம் இரண்டு, கீழ் ஷட்ஜம் ஒன்று. குதிரையின் வளைந்த மேற்பரப்பில் தந்திக்கு அடியில் நூலைச் செருகி நகர்த்தினால் ஓரிடத்தில் ஓசை திடீரென்று மலரும். அந்த நூலுக்கு ஜீவா என்று நம்மவர் பெயர் வைத்தார்கள். மீட்டுவது நான்கு ஸ்வரங்களானாலும் உள்ளே காந்தாரமும் இன்னும் நுண்ணிய ஸ்வரங்களும் பேசும். தந்தியை மீட்டும் இடத்துக்கேற்பச் சில உபஸ்வரங்கள் ஒலிக்காது போகவேண்டும் என்பது மேனாட்டுச் சாஸ்திரம். வளைந்த குதிரையுள்ள நமது வாத்தியங்களில் அவையும் கேட்கின்றன என்பதை 1921-ம் ஆண்டில் ஸர் சி. வி. ராமன் ஆராய்ந்து வெளியிட்டார். தச்சனும் பாடகனும் காதினாலேயே கண்டு வைத்திருந்ததை விஞ்ஞானம் அன்றுதான் எழுத்தில் வைத்தது. இந்தச் சுருதிக்குள் நாள்தோறும் அமர்ந்திருந்தவர் தியாகய்யர்.

அதன் பலன் சங்கதி. கீர்த்தனத்தின் முதல் அடியை எளிமையாக ஒருமுறை பாடுகிறார். இரண்டாம் முறை அதே சொற்கள். கடைசி எழுத்தில் மட்டும் சிறிய வளைவு. மூன்றாம் முறை வளைவு சொல்லின் நடுவுக்கு வருகிறது. இப்படிப் படிப்படியாக ஏறி, ஏழு எட்டு முறைக்குள் அந்த அடி மேல் ஷட்ஜத்தைத் தொட்டுத் திரும்புகிறது. சொல் மாறவில்லை, தாளம் மாறவில்லை. ஒரே வீட்டின் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவதுபோல ராகம் திறக்கிறது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முன் பாடிய சங்கதியை நினைவில் வைத்திருப்பவனுக்கே அடுத்த சங்கதியின் அர்த்தம் விளங்கும். காதை வேறெங்கோ விட்டவனுக்கு அதே அடி திரும்பத் திரும்ப வருவதாகத்தான் தோன்றும், சலிப்புத் தட்டும். பாடுகிறவனோடு கேட்கிறவனும் பாதி வேலையைச் செய்தாகவேண்டும் என்ற நிபந்தனையைப் பாட்டுக்குள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறார். சங்கதி அவருக்கு முன் அறவே இல்லையென்று சொல்லமாட்டோம். அதைக் கீர்த்தனத்தின் உயிராக்கியவர் அவர்.

தாம் கேட்கவேண்டிய இடத்தில் அவர் கேட்டார் என்பதற்கும் ஒரு செய்தி உண்டு. திருவிதாங்கூரிலிருந்து கோவிந்த மாரார் என்ற வித்வான் திருவையாற்றுக்கு வந்தார். ஒரே பாடலை ஆறு காலங்களில் பாடவல்லவர். அதனால் ஷட்கால கோவிந்த மாரார் என்று பெயர். அவர் பாட, முதியவராகிய தியாகய்யர் சீடர்கள் சூழ அமர்ந்து கேட்டு, வந்தவரைத் தலைவணங்கிக் கொண்டாடினார் என்பது பரம்பரை. பிறர் பாட்டுக்குத் தலையாட்டுவதையே தோல்வியாக நினைக்கும் வித்வான்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே இச்செய்தி நமக்கு இனிக்கிறது.

சீடர்களும் செவியால் வளர்ந்தவர்களே. அய்யம்பேட்டையிலிருந்து வந்து பயின்று பிற்காலத்தில் வாலாஜாபேட்டையில் குடியேறிய வேங்கடரமண பாகவதர், தில்லைஸ்தானம் ராமய்யங்கார், உமையாள்புரம் சகோதரர்களான கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும், மானம்புச்சாவடி வேங்கடசுப்பய்யர், சென்னையில் வாழ்ந்த வீணை குப்பய்யர் என்று பலர். ஸ்வாமிகள் பாடப்பாட, இவர்கள் கேட்டு மனத்தில் பதித்து, சாஹித்தியத்தை ஓலையில் எழுதிக்கொண்டார்கள். ஒலியைப் பிடித்துவைக்கும் யந்திரம் உலகில் தோன்றாத காலம். இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் ஏறக்குறைய எழுநூறு கீர்த்தனங்களும் சில மனிதர்களின் காதுகள் வழியாக வந்தவை. வேங்கடரமண பாகவதரும் அவர் குமாரரும் பாதுகாத்த சுவடிகள் மதுரை ஸௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. ஒரு சீடர் வழிப் பாடம் மற்றொருவர் வழிப் பாடத்தோடு சில இடங்களில் ஒவ்வாது. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. இரண்டு நேர்மையான செவிகள் ஒன்றையே கேட்டால் இவ்வளவு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

இப்போது கோவூருக்கு வருவோம். காஞ்சியில் வாழ்ந்த உபநிஷத் பிரம்மேந்திரர் தியாகய்யரை வரும்படி கடிதம் எழுதினார். திருவையாற்றை விட்டு அதிகம் நகராத ஸ்வாமிகள் முதுமையில் யாத்திரை புறப்பட்டார். சென்னையில் பந்தர் தெருவில் மாளிகை வைத்திருந்த சுந்தரேச முதலியார் என்ற செல்வர் அவரை வரவேற்று உபசரித்து, தமது சொந்த ஊரான கோவூருக்கும் அழைத்துப் போனார். தம்மீது ஒரு பாட்டுப் பாடவேண்டும் என்று முதலியாருக்கு ஆசை. மனிதரைப் பாடுவதில்லை என்ற விரதத்தை எழுபது வயதில் கைவிடுவாரா? ஆனால் உபசரித்தவரின் மனத்தையும் அவர் புண்படுத்தவில்லை. முதலியாரின் பெயரையே தாங்கிய கோவூர் ஈசனைப் பாடினார். இந்த நாசூக்கு அரசியல்வாதிகளுக்கும் உபயோகப்படும்.

ஐந்தும் ஐந்து ராகங்களில் அமைந்தவை: ஸஹானா, கரஹரப்ரியா, பந்துவராளி, கல்யாணி, சங்கராபரணம். ஸஹானா நேராக ஏறி இறங்காது; இரண்டடி போய் ஓரடி திரும்பிப் பார்க்கும். கரஹரப்ரியாவுக்கு இன்று நாம் அறியும் திருவுருவத்தைக் கொடுத்தவரே தியாகய்யர்தான். அந்த ராகம் ஒரு சமவெளிபோல விரிந்து கிடக்கும். பந்துவராளியில் ஏக்கம், கல்யாணியில் விசாலம், சங்கராபரணத்தில் நிறைவு. ராகத்துக்கு ரஸம் கற்பிப்பது எளிது. ஆனால் வரிசையாக ஐந்தையும் ஒரே அமர்வில் கேட்டுப் பார்த்தால், கோயிலின் வெவ்வேறு வாசல்கள் வழியாக ஒரே சந்நிதிக்கு வந்ததுபோல இருக்கும். இதை எழுதும் நாமும் அப்படிக் கேட்ட பிறகே சொல்லுகிறோம்.

அவை தெலுங்குக் கீர்த்தனங்கள் அல்லவா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சென்னைக் கச்சேரி மேடைகளில் தமிழுக்கு இடமில்லாதிருந்ததை எதிர்த்து 1941-ல் அண்ணாமலை நகரில் மாநாடு கூட்டியதும், 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்டதும் நியாயமான காரியங்களே. அக்கிளர்ச்சியின் பயனை இன்றும் அனுபவிக்கிறோம். ஆனால் குறை மேடையை ஆண்டவர்களுடையது. காவிரிக் கரையில் பிறந்து, காவிரித் தண்ணீர் குடித்து, வீட்டு மொழியில் பாடிய ஒரு மனிதருடையது அன்று. சொல் விளங்காதவனுக்கும் ஸஹானா விளங்கத்தான் செய்கிறது. சொல்லும் விளங்கினால் இன்னும் சிறப்பு.

கோவூரிலிருந்து திருப்பதிக்குப் புறப்பட்டபோது, முதலியார் ஆயிரம் பொன்னை ஸ்வாமிகளுக்குத் தெரியாமல் பல்லக்கில் வைத்தனுப்பினார். நாகலாபுரத்தருகே கள்ளர்கள் மடக்கினர். சீடர்கள் பொன்னைப் பற்றி அஞ்சினார்கள். ஸ்வாமிகள் தர்பார் ராகத்தில் ராமலக்ஷ்மணரைக் காவலுக்கு அழைத்துப் பாடினார். வில்லேந்திய இரு இளைஞர்கள் அம்பு தொடுத்ததைக் கண்டதாகச் சொல்லிக் கள்ளர்கள் அடிபணிந்தனர். கதை இவ்வாறு போகிறது. நமக்குப் புலப்படுவது ஒன்று: இருளில் கல்லெறி விழும் வேளையில் குரல் நடுங்காமல் பாடிய ஒருவர் பல்லக்கில் இருந்தார்.

இதே திருப்பதி யாத்திரையில்தான், புத்தூரில், அந்த மற்றொரு கதை. வழிப்பயணத்தில் வந்த ஒரு குடும்பத்தில் ஒருவர் கிணற்றில் விழுந்து மூச்சடங்கிவிட்டார். அழுகுரல் கேட்டு ஸ்வாமிகள் மனம் உருகி, நா ஜீவாதார என்ற பிலஹரிக் கீர்த்தனத்தைப் பாட, கிடந்தவர் எழுந்தார். யார் விழுந்தார், எப்படி விழுந்தார் என்பதில் சரித்திரக்காரர்கள் ஒருமுகமாக இல்லை. முத்துஸ்வாமி தீக்ஷிதரைப் பற்றியும் இவ்வகைச் செய்தி ஒன்று உண்டு. சீடர் தம்பியப்பனின் வயிற்று நோய்க்காக அடாணா ராகத்தில் பிருஹஸ்பதியைப் பாடினார், நோய் நீங்கிற்று என்பார்கள்.

இக்கதைகளை நாம் ஏளனம் செய்யவில்லை. பக்தர்கள் அன்பினால் காத்த கதைகள் அவை. ஆனால் அவற்றை உற்றுப்பாருங்கள். தியாகய்யர் பிலஹரியை மருந்தென்று யாருக்கும் கொடுக்கவில்லை, மறுநாள் இன்னொருவனுக்கு அதே ராகத்தை விதிக்கவும் இல்லை, கூலியும் கேட்கவில்லை. அழுகுரல் ஒன்றைக் கேட்டார், நின்றார், இறைவனிடம் முறையிட்டார். கதையின் முதற்செயல் பாட்டன்று. வழிப்போக்கர் ஒருவரின் அழுகையைக் காதில் வாங்கியது. ராக அட்டவணை விற்போர் இதை விட்டுவிட்டுப் பிலஹரியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சங்கீதத்தால் நோயாளிக்குப் பயனே இல்லையா என்றால், உண்டு. அதன் அளவு உண்டு. ரண சிகிச்சைக்கு முன் நோயாளிகள் சங்கீதம் கேட்பதைப் பற்றிய 26 பரிசோதனைகளை, இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் பங்கெடுத்தவற்றை, 2013-ல் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, அவர்களது பதற்றம் குறைவதாகத் தெரிந்தது. அமெரிக்காவில் இரண்டாம் உலக யுத்தத்தில் காயமுற்ற வீரர்களின் ஆஸ்பத்திரிகளில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் செய்த தொண்டிலிருந்தே சங்கீத சிகிச்சை ஒரு படிப்பாக வளர்ந்தது. பதற்றம் தணிகிறது, மனம் அமைதி கொள்கிறது, படுக்கையில் கிடப்பவனுக்கு ஒரு துணை கிடைக்கிறது. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் நீரிழிவுக்காரன் மருந்தை நிறுத்திவிட்டு ராகத்தை நம்பினால், அந்தப் பாவம் விற்றவனையே சேரும். தன்வந்திரி மஹாலும் திருமஞ்சன வீதியும் ஏழெட்டு மைல் இடைவெளியில் ஒரே காலத்தில் இருந்தன. கண்ணில் படலம் விழுந்தவன் மஹாலுக்குத்தான் போகவேண்டும்.

சிகிச்சை என்ற சொல்லை விட்டுவிட்டு, கேட்பதையே ஒரு கலையாகப் பயின்றோர் பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் பாலின் ஆலிவரோஸ் என்ற அம்மையார், 1988-ல் வாஷிங்டன் மாகாணத்தில் ஒரு பழைய கோட்டையின் நிலத்தடி நீர்த்தொட்டிக்குள் தோழர்களுடன் இறங்கி வாத்தியம் வாசித்தார். ஒரு ஓசை எழுந்தால் அடங்க 45 விநாடி ஆகும் இடம். முன் வாசித்தது அடங்குமுன் அடுத்ததை வாசிக்கவேண்டும். ஆகவே ஒவ்வொருவரும் வாசிப்பதைவிட அதிகமாகக் கேட்கவேண்டியிருந்தது. ஆழ்ந்து கேட்டல் என்று அதற்குப் பெயரிட்டு, 2016-ல் மறையும்வரை அதையே கற்பித்தார். சங்கதியில் தியாகய்யர் விதித்த நிபந்தனையும் இதுவே அல்லவா?

கேட்க வேண்டுமென்றால் காது வேண்டும். கோவூர் இன்று இரண்டு பெருஞ்சாலைகளுக்கு நடுவே சிக்கிய ஊர். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயத்துக்குத் தீர்மானம் செய்ததை அரசியல் ஊழியர்கள் அறிவார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் எழுந்தன. லட்சோப லட்சம் குடும்பங்கள் உண்ண வழி பிறந்தது. இதில் நமக்குப் பெருமையே. ஆனால் மனிதக் காதின் உள்ளே ஒலியை உணரும் நுண்ணிய உரோம அணுக்கள் சுமார் 15,000 மட்டுமே. செத்தால் அவை மறுபடி முளைப்பதில்லை. நாளெல்லாம் அச்சு யந்திரமும் சம்மட்டியும் மோதும் பட்டறையில் நிற்கும் தொழிலாளிக்கு முதலில் போவது உயர்ந்த ஸ்வரங்கள். மனைவி பேசுவது கேட்கும், குழந்தையின் மழலை தெளியாது; தம்புராவின் ஜீவாவும் அவனுக்கு இனி இல்லை. குடியிருப்புகளில் பகலில் 55 டெஸிபல், இரவில் 45 என்று 2000-ம் ஆண்டு விதி செய்தார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் வாழ்பவரிடம் இந்த எண்களைச் சொன்னால் சிரிப்பார். அதுவும் இரைந்து சொன்னால்தான் கேட்கும். காதுக்கு அடைப்பான் கொடுக்காத பட்டறை முதலாளி, ஊழியர் மனநலத்துக்கென்று கிண்ணம் தட்டுவோரை வரவழைப்பாரானால் அதைவிட விபரீதம் வேறுண்டோ? தொழிற்சங்கங்கள் கூலியையும் போனஸையும் கேட்பதுபோலத் தொழிலாளியின் செவியையும் கேட்கவேண்டும்.

யாத்திரை முடிந்து திருவையாறு திரும்பிய ஸ்வாமிகள் சில ஆண்டுகளே இருந்தார். இறுதியில் துறவறம் மேற்கொண்டு, 1847 ஜனவரி 6-ந் தேதி, புஷ்ய பகுள பஞ்சமியன்று சித்தியடைந்தார். காவிரிக் கரையில் சமாதி வைத்தார்கள். காலப்போக்கில் அது புதரடைந்தது. 1903-ல் உமையாள்புரம் சீடர்கள் முதிய வயதில் வந்து தேடிக் கண்டு, பிருந்தாவனத்தைச் செப்பனிட்டார்கள். அதன்பின் ஆராதனையும் தொடங்கிற்று. ஆராதனையோடு கட்சிகளும் தொடங்கின. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று வித்வான்கள் பிரிந்து நின்ற கதை தேசபக்தர்களுக்குப் புதிதல்ல.

அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி குலத்தில் பிறந்து சென்னையில் பாடிப் புகழ்பெற்ற அவ்வம்மையார், நகைகளையும் சேர்த்த பொருளையும் செலவிட்டு, 1921-ல் கடைக்கால் இட்டு 1925-ல் கும்பாபிஷேகம் செய்வித்தார். அவர் பணத்தில் எழுந்த சந்நிதியில் பெண்கள் பாடக்கூடாது என்று ஆண் வித்வான்கள் தடுத்தார்கள்! அவர் வழக்காடினார், பெண்களைத் திரட்டிச் சந்நிதிக்குப் பின்புறத்தில் தனியே ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றுபட்டபோது பெண்களுக்கும் உரிமை கிடைத்தது.

இப்போது தை மாதத்துப் பஞ்சமியன்று நூற்றுக்கணக்கான வித்வான்களும் வித்வாம்சினிகளும் வரிசையாக அமர்ந்து ஒரே குரலாகப் பஞ்சரத்தினம் பாடுகிறார்கள். கண்கொள்ளாக் காட்சி. ஆயினும் அவ்வளவு பேரும் பாடும்போது கேட்பது யார் என்ற எண்ணம் நமக்கு வருவதுண்டு. நாகரத்தினம்மாள் 1952-ல் காலமானார். ஸ்வாமிகளின் சந்நிதிக்கு எதிரிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அங்குள்ள அவருடைய கற்சிலை சந்நிதியை நோக்கிக் கைகூப்பி அமர்ந்திருக்கிறது, வாய் மூடியிருக்கிறது.